நாற்பத்து மூன்றுக்கு அடுத்த நாற்பத்து மூன்று

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு என்பது பஸ்ஸில் வாந்தி எடுக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். காரவள்ளி அடிவாரத்தில் ஒன்று என்று தொடங்கி உச்சியில் எழுபது என்று முடிகிற வரைக்கும் வளைவுக்கு வளைவு பலகை நட்டு எண் எழுதி வைத்திருக்கிறார்கள், எண்ணிக்கை தவற வழியே இல்லை. ஆனாலும் ஒரு வருஷம் தை மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலிலிருந்து, இரண்டே இரண்டு பேருக்கு மட்டும், நாற்பத்து மூன்றாம் வளைவுக்கு அடுத்து நாற்பத்து நான்கு வரவில்லை. நாற்பத்து மூன்றே வந்தது. அதை மிதித்துத் தாண்டினால் மறுபடியும் நாற்பத்து மூன்று வந்தது. பஸ்ஸுக்கு நாற்பத்து நான்கு வந்தது, பலாப்பழ லாரிக்கு வந்தது, குரங்குக்குக்கூட வந்தது, இந்த இரண்டு சைக்கிளுக்கு மட்டும் வரமாட்டேன் என்று விட்டது.

அந்த இரண்டு பேரில் பின்னால் வந்தவர் அர்த்தநாரி. ஐம்பத்தொரு வயசு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் தச்சு வேலை, வாரம் ஆறு நாள் பலகை அறுத்துவிட்டு ஏழாவது நாள் வீட்டில் படுத்துக் கிடக்காமல் மலை ஏறுகிற கிறுக்கு. ஊர் சைக்கிள் குழுவில் ஒன்பது வருஷமாக அவருக்கு ஒரே வேலைதான், அதற்கு ‘ஸ்வீப்’ என்று பேர். கடைசியாகப் போகிறவருக்கும் பின்னால், கடைசிக்கும் கடைசியாகப் போகவேண்டும், பஞ்சர் ஆனால் ஒட்டவேண்டும், மயக்கம் வந்தால் தண்ணீர் தெளிக்கவேண்டும், என்ன ஆனாலும் கடைசி ஆளை முந்தக்கூடாது. இதில் இன்னொரு சட்டமும் உண்டு. நான்தான் ஸ்வீப், உனக்காகத்தான் பின்னால் வருகிறேன் என்று அந்தக் கடைசி ஆளிடம் வாயே திறக்கக்கூடாது. சொன்னால் அவர் மனசு நொந்துபோய் அங்கேயே காலை ஊன்றிவிடுவார். அதனால் ஸ்வீப் ஆனவர் தனக்கும் முடியவில்லை என்பதுபோல இருபதடி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே வரவேண்டும். அர்த்தநாரி அதில் கைதேர்ந்தவர். அவர் மூச்சு வாங்குகிற அழகைக் கேட்டால் ஆம்புலன்ஸுக்குப் போன் போடலாமா என்று தோன்றும்.

முன்னால் போனவர் தாமரைச்செல்வி. தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினாறு வருஷமாக நர்ஸ், குழுவுக்குப் புதுசு, எல்லோருக்கும் தாமரை சிஸ்டர். மலையில் அது அவருக்கு முதல் ஏற்றம். அன்றைக்குக் காரவள்ளியில் கிளம்பும்போது குழுவின் கேப்டன், பல் டாக்டர் வைரவேல், அர்த்தநாரியைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணா, சிஸ்டர் புதுசு, கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று காதோடு சொல்லிவிட்டு, எல்லோரையும் கிளப்பிவிட்டு, தான் முன்னால் பறந்துபோனார்.

நாற்பத்து மூன்று நாலாவது தடவை வந்தபோது அர்த்தநாரி பலகையைப் பார்த்தார், ஐந்தாவது தடவை வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், பத்தாவது தடவைக்குமேல் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஒரு சுற்று வர ஏழு நிமிஷம் ஆனது. பாறை, புளியமரம், அன்னாசிப் பழக் கடை, பலகை; மறுபடியும் பாறை, புளியமரம், அன்னாசிப் பழக் கடை, பலகை. மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், சாயங்காலம் உன் முழங்காலை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று மனைவி பாவாயியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். பாவாயிக்கு இடது முழங்கால் தேய்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆனது, விடிந்தும் விட்டது, மறுநாள் மாலையில்தான் அவர் வாயைத் திறந்து, “எறங்கிரலாங்களா சிஸ்டர்?” என்று கேட்டார். “உங்களால முடியலைன்னா எறங்கிரலாங்ண்ணா” என்றது முன்னாலிருந்து குரல். பாவம், நமக்காக விட்டுக்கொடுக்கப் பார்க்கிறது, ஆசைப்பட்டு வந்த பிள்ளை என்று நினைத்து, “எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்” என்றார் அர்த்தநாரி. அதற்குமேல் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் வாரம் மலையே திரண்டு வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் பாதிப் பேர் வந்தார்கள். மாசி பிறந்தபோது நாற்பத்து மூன்றாம் வளைவில் இரண்டு பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மேலே செம்மேட்டில் புதன்கிழமை மழை பெய்தது என்பதுபோல ஒரு சேதியாகிவிட்டது. பஸ் கண்டக்டர்கள் நாற்பத்திரண்டு தாண்டியதும் இரட்டை விசில் கொடுத்து, “சைக்கிள் சைக்கிள், ஓரம் பார்த்து” என்று டிரைவருக்குச் சொல்லப் பழகினார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாக மலை வாழைப்பழத்தை நீட்டினார்கள், இரண்டு பேரும் மிதித்தபடியே வாங்கி உரித்துத் தின்றார்கள். நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஒரு இன்ஜினியர் டேப்பும் ஆளுமாக வந்து, நாற்பத்து மூன்றுக்கும் நாற்பத்து நான்குக்கும் நடுவில் ரோட்டை மூன்று தடவை அளந்து, அளவு சரியாகத்தான் இருக்கிறது, ரோட்டில் குறையில்லை, குறை சைக்கிளில்தான் என்று எழுதி வைத்துவிட்டு அன்னாசி சாப்பிட்டுப் போனார்.

தூங்குவதற்கும் ஒரு வழி பிறந்தது. வண்டி மாடு நடந்துகொண்டே தூங்குவதுபோல அவர்களும் மிதித்துக்கொண்டே தூங்கினார்கள். டயர் தேய்ந்தபோது குழுவிலிருந்து நாலு பேர் வந்து, கால் தரையில் படாமல் ஆளோடு சேர்த்துச் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, ஐந்தாவது ஆள் சக்கரத்தை மாற்றினான். கால் தரையில் பட்டால் ஏறினது செல்லாது என்பது குழுவின் தாய்ச்சட்டம். ஆஸ்பத்திரி நர்சுகள் லீவு நாளில் வந்து கூடவே ஓடி இரண்டு பேருக்கும் பிரஷர் பார்த்தார்கள். பட்டறை முதலாளி, அர்த்தநாரியின் உளியை வேறு யாரும் தொடவில்லை என்று சொல்லி அனுப்பினார். பங்குனியில் ஊர் சும்மா இருக்குமா, நம் ஜனங்களுக்கு ஒன்று முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் உடனே அதில் ஒரு தெய்வம் தெரிந்துவிடும்; தாலுகா ஆபீஸில் பட்டா மாறாமல் அலைகிறவர்கள், பாகப் பிரிவினை கேஸ் வாய்தாமேல் வாய்தாவாகப் போகிறவர்கள், பெண் அமையாத முப்பத்தெட்டு வயசு மாப்பிள்ளைகள் எல்லோரும் வந்து சாலையோரக் கம்பியில் மஞ்சள் துணி முடிந்துவிட்டுப் போனார்கள். எதிராளியின் கேஸும் இப்படியே சுற்றட்டும் என்று வேண்டிக்கொண்டு ஒருவர் எலுமிச்சம்பழம் உருட்டினார். அர்த்தநாரி அதன்மேல் ஏறாமல் ஒதுங்கிப் போகவேண்டியிருந்தது.

குழு ஒவ்வொரு ஞாயிறும் மேலே போனது. ஆரம்பத்தில் நின்று அழுதார்கள், பிறகு நின்று படம் எடுத்தார்கள், பிறகு “சூப்பர்ண்ணா, விடாதீங்க!” என்று கத்திக்கொண்டு கடந்தார்கள், சித்திரையில் தலையை மட்டும் ஆட்டினார்கள். வைரவேல் மட்டும் எப்போதும்போல வேகத்தைக் குறைத்து, அர்த்தநாரி பக்கம் வந்து, “பார்த்துக்குங்கண்ணா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முன்னால் போய் சிஸ்டர் பக்கமும் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறந்தார். என்ன சொன்னார் என்று இவருக்குக் கேட்டதில்லை.

அலுப்பு என்றால் அப்படி இப்படி அலுப்பில்லை. தொடையில் தொடங்கிய அலுப்பு இடுப்புக்கு ஏறி, முதுகுக்கு ஏறி, கழுத்துக்கு ஏறி, வைகாசியில் பலா பழுத்து மலை முழுக்க மணத்தபோது அந்த வாசனையை மோந்து பார்க்கவும் அலுப்பாக இருந்தது. நடிப்புக்கு மூச்சு வாங்கிய மனுஷனுக்கு இப்போது நிஜமாகவே வாங்கியது, எது நடிப்பு எது நிஜம் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் எப்போதும் சிஸ்டரின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பெண் எப்போது வேகம் பிடிக்கும், எப்போது மேலே போய்ச்சேரும், எப்போது நாம் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் குப்புற விழுவது என்று நினைப்பார். அப்படி நினைத்ததற்கு அடுத்த சுற்றிலேயே வெட்கப்படுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு ஆளைக்கூட மலையில் விட்டுவிட்டு வந்ததில்லை என்பது ஒன்றுதான் அவருக்குச் சொல்லிக்கொள்ள இருந்தது.

ஆனால் வியாழக்கிழமைகளில் அதுவும் ஆட்டம் கண்டது. வியாழன்தோறும் பாவாயி பதினொரு மணி பஸ்ஸில் தூக்குப்போசியும் துவைத்த துணியுமாக வந்து இறங்குவாள். கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலைப் பின்னால் இழுத்து, மூன்று படி இறங்க அவளுக்கு ஆகிற நேரத்தில் இவர் ஒரு சுற்று வந்துவிடுவார். புளியமரத்தடியில் நின்றுகொண்டு சுற்றுக்கு ஒரு உருண்டையாக இரண்டு பேருக்கும் சோறு நீட்டுவாள். ஆபரேஷன் தேதி பங்குனியில் குறித்தார்கள், இவர் வரவில்லை, தள்ளிப்போட்டாள். வைகாசியில் குறித்தார்கள், தள்ளிப்போட்டாள். “நீங்க வந்து கையெழுத்துப் போடாம நான் மயக்க ஊசி போட்டுக்க மாட்டேன், ஆமா” என்று ஒரு சுற்றில் சொன்னாள். “பையன் போடட்டும்” என்றார் இவர். அடுத்த சுற்றில் வந்தபோது, “பையனையா நான் கட்டிக்கிட்டு வந்தேன்?” என்றாள். ஆடி முதல் வெள்ளிக்குக் கடைசித் தேதி கொடுத்து, இதையும் தள்ளினால் அப்புறம் நடக்கிற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கு முந்தின வியாழன், பஸ் நின்றது, பாவாயி கம்பியைப் பிடித்தாள், நல்ல காலை வைத்தாள், கெட்ட கால் வரவில்லை. மடங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்குப்போசி உருண்டு நாற்பத்திரண்டாம் வளைவு வரைக்கும் போனது. அர்த்தநாரி அதைப் பாறைப் பக்கத்திலிருந்தே பார்த்தார், கை தானாக பிரேக்கை அழுத்தியது, இருபதடி முன்னால் சிஸ்டரின் சக்கரமும் அதே நேரம் அப்படியே தேங்கியது. இவர் பயந்துபோய் பிரேக்கை விட்டார், அதுவும் நகர்ந்தது.

“அக்கா, காலை மடக்காதீங்க! நீட்டியே வெச்சிருங்க! கடைக்கார அண்ணா, ஐஸ் இருந்தா துணியில கட்டி வைங்க!” என்று கத்திக்கொண்டே தாமரை சிஸ்டர் கடந்துபோனாள். பின்னால் வந்த அர்த்தநாரி, “பாவாயி” என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அடுத்த சுற்றில் அவளை மரத்தடியில் ஒரு அன்னாசிப் பெட்டிமேல் உட்கார்த்தியிருந்தார்கள். ஆறு மாதமாக இன்ஜினியரிலிருந்து எலுமிச்சம்பழக்காரர் வரைக்கும் எல்லோரும் வளைவைத்தான் கேள்வி கேட்டார்கள், சைக்கிளைத்தான் கேள்வி கேட்டார்கள். பாவாயிக்கு முழங்கால் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது, மரியாதை பார்க்க நேரமில்லை.

“ஏங்கண்ணு,” என்று சிஸ்டரைக் கேட்டாள், “நீ ஏன் மேல போவமாட்டீங்கற?”

சிஸ்டர் வளைவுக்குள் போய்விட்டாள். பதில் வர ஏழு நிமிஷம் ஆனது.

“எப்பிடிக்கா போறது? அண்ணனுக்கு மூச்சு எப்பிடி வாங்குதுன்னு கேக்கறீங்கல்ல? எத்தனை பேர் மூச்சைக் கேட்டவ நான். பாதியில விட்டுட்டுப் போனா என்னமாச்சும் ஆயிருங்க்கா.”

பின்னால் வந்த அர்த்தநாரியின் காதில் இது விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. பாவாயிக்கு இறங்கிவிட்டது. அவர் சுற்றி வருவதற்குள் அவள் முகம் சிவந்திருந்தது.

“ஏனுங்க! அந்தப் புள்ள உங்களுக்காகத்தான் மெதுவாப் போவுதாமா! நீங்க யாருக்காகப் போறீங்க?”

அர்த்தநாரி அந்தச் சுற்று முழுக்க யோசித்தார். ஒன்பது வருஷமாக வாய் திறக்காத சட்டம் தடுத்தது. சுற்று முடிந்து பாவாயியின் நீட்டிய கால் கண்ணில் பட்டதும் கத்திவிட்டார்:

“சிஸ்டர்! நான் ஸ்வீப்புங்க! உங்களுக்காகத்தாங்க பின்னால வாரேன்!”

முன்னால் போன சைக்கிள் ஆடியது. “என்னங்ண்ணா சொல்றீங்க? கேப்டன் உங்களைப் பார்த்துக்கச் சொன்னாருங்க! அண்ணனுக்கு வயசாயிருச்சு, காட்டிக்க மாட்டாரு, முன்னால மெதுவாப் போய்க் கூட்டிட்டு வாங்க சிஸ்டர்னு, கிளம்பறப்பவே சொன்னாருங்க! வாராவாரம் சொல்றாருங்க!”

பாவாயி பல் டாக்டரின் பரம்பரையை நாலு வார்த்தையில் வாழ்த்தினாள், அதை இங்கே எழுத முடியாது. அன்னாசிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற ஜனம் சிரித்தது, அர்த்தநாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதம். மூன்று ஜோடி டயர்.

சரி, தெரிந்துவிட்டதல்லவா, இனிமேல் சிஸ்டர் தன் வேகத்தில் போகட்டும், நான் பின்னாலேயே வருகிறேன் என்றார். அவளும் எழுந்து நின்று மிதித்தாள். இவரால் முடியவில்லை, தொடை கல்லாகக் கிடந்தது, மூச்சு இரைந்தது, பதினாறு வருஷம் பழகிய சிஸ்டரின் காது அதைக் கேட்டுவிட்டது, அவள் கால் தானாகத் தளர்ந்தது, அடுத்து வந்தது நாற்பத்து மூன்றுதான். “நீங்க முன்னால போங்கண்ணா” என்றாள். “அதெப்படிங்க, நீங்க போங்க” என்றார் இவர். “நீங்க போங்கண்ணா.” “இல்லைங்க, நீங்க.” கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு உட்காரச் சொல்லி இரண்டு சம்பந்திகள் மாட்டிக்கொண்டதுபோல இப்படியே பதினோரு சுற்று போனது.

பன்னிரண்டாம் சுற்றில் பாவாயி எழுந்து நின்றுவிட்டாள், கடைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலியில் கண்ணீர் ஓட. “நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்,” என்றாள், கோபமில்லாமல். “எனக்கு நடக்கணும்ங்க.”

அர்த்தநாரி அழுதுவிட்டார். முந்தினால் இந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஆளில்லை. இவள் மட்டும் ஆயுசுக்கும் இந்தப் பாறையையும் புளியமரத்தையும் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? முந்தாவிட்டால் பாவாயி இதே பெட்டிமேல் உட்கார்ந்து கிடப்பாள். அவர் ஹேண்டிலைப் பிடித்தார், வலது பக்கம் ஒடித்தார், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆளின் பின்சக்கரத்தைத் தாண்டி, மிதிகட்டையைத் தாண்டி, முன்சக்கரத்தையும் தாண்டினார். கடக்கும்போது சிஸ்டரின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். ஆறு மாதமாக முதுகை மட்டுமே பார்த்து வந்தவர், அந்த முகம் இத்தனை களைப்பாக இருக்கும் என்று நினைத்ததில்லை. “மன்னிச்சிருங்க சிஸ்டர்” என்றார். “திரும்பிப் பார்க்காமப் போங்கண்ணா” என்றாள் அவள்.

அவருக்கு முன்னால் வெறும் ரோடு கிடந்தது. பின்சக்கரம் இல்லாத ரோட்டில் எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் திணறினார். பாறை வந்தது. பிறகு புளியமரம் வரவில்லை. ஒரு சில்வர் ஓக் மரமும், அதன்மேல் படர்ந்த மிளகுக் கொடியும், நாற்பத்து நான்கு என்று எழுதிய பலகையும் வந்தன. அர்த்தநாரி ஓவென்று வாய்விட்டு அழுதபடியே மிதித்தார், திரும்பிப் பார்க்கவில்லை, பின்னால் ஒரு சத்தமும் கேட்கவில்லை, நாற்பத்தைந்து வந்தது, ஐம்பது வந்தது, விட்டுவிட்டு வந்துவிட்டேனே விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று மிதிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே போனார்.

ஐம்பத்தெட்டாம் வளைவில் பின்னால் செயின் சத்தம் கேட்டது.

“அண்ணா, ஓரம்!”

தாமரை சிஸ்டர் காற்றாகக் கடந்தாள். யாருடைய மூச்சையும் கேட்க வேண்டியில்லாத கால்கள் அவை. ஆறு மாதம் பிடித்து வைத்திருந்த வேகம் அத்தனையும் அன்றைக்கு மலைமேல் ஏறியது. இடுப்பை உயர்த்தி நின்று மிதித்து ஐம்பத்தொன்பதுக்குள் மறைந்தாள், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. இப்பேர்ப்பட்ட ஆளையா நான் பார்த்துக்கொண்டேன் என்று அர்த்தநாரி வாய் பிளந்து நின்றார். நின்றார் என்றால் நிஜமாகவே நின்றுவிட்டார். வலது காலை எடுத்துத் தரையில் ஊன்றினார். தார் சுட்டது, உள்ளங்கால் வரைக்கும் இதமாக இருந்தது. இப்போது மலையில் அவர்தான் கடைசி, அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

மேலிருந்து இறங்கிய மூன்றரை மணி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். கண்டக்டர் அவரைப் பார்த்துவிட்டு, தையில் ஏறியவர் ஆடியில் இறங்குகிறார் என்பதில் அதிசயம் ஒன்றும் காணாமல், சைக்கிளை மேலே ஏற்றிக் கட்டினார். சிஸ்டர் அறுபத்தாறில் போய்க்கொண்டிருக்கிறாள், வழிவிடச் சொல்லி பஸ்ஸுக்கே மணி அடித்தாள் என்றார். அர்த்தநாரி படிக்கு அடுத்த முதல் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்.

நாற்பத்து மூன்றில் இரட்டை விசில் ஊதி பஸ் நின்றது. கடைக்காரரும் இன்னொருவரும் பாவாயியைத் தாங்கி ஏற்றினார்கள். அவள் சீட்டில் இருந்தவரைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், தார் ஒட்டிய அவர் செருப்பைப் பார்த்தாள்.

“காலை ஊனிட்டீங்களா?”

“ஊனிட்டேன்.”

“அப்ப ஏறினது செல்லாதா?”

“செல்லாது.”

“போச்சாது, போனாப் போவுது, நகருங்க. ஜன்னலோரம் எனக்கு” என்றாள்.

அவள் உட்கார்ந்து கெட்ட காலை நீட்டினாள், அவர் அதன்மேல் கையை வைத்தார். கம்பியில் கட்டின மஞ்சள் துணிகள் பின்னால் போயின. அதற்கப்புறமும் அந்த வளைவில் எந்த வண்டியாவது ஏறாமல் திணறினால், முன்னால் ஒரு ஆள் போங்கப்பா என்று கடைக்காரர் குரல் கொடுப்பது வழக்கமாகிப்போனது. பாவாயி நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும், வெறும் வயிற்றோடு வரச்சொன்னார்கள், ஆதார் கார்டை எடுத்து வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்த்தால் அவர் அவள் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பேச்சை நிறுத்தி, அந்த மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கொஞ்ச நேரம் கேட்டாள். வெளியே நாற்பத்திரண்டாம் வளைவு வந்தது, அதன் பலகைக்குக் கீழே அவளுடைய தூக்குப்போசி கிடந்தது, கண்டக்டர் இறங்கி அதை எடுத்துக்கொண்டு வந்தார்.